துண்டுக்கு அடியில் நாலு விரல்

செல்லாது என்று அந்த வக்கீலம்மா சொன்னதும் சென்னியப்பனுக்கு முதலில் வந்தது கோபம்தான். முப்பத்திரண்டு வருஷமாக மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த கை. அந்தியூர்த் தேர்ச் சந்தையிலும் கண்ணபுரத்துத் தேர்ச் சந்தையிலும் இந்தக் கை ஒருதரம் பிடித்துவிட்டால் விற்றவனும் வாங்கினவனும் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள், அப்படிப் பேர் எடுத்த கை. அதைப் போய் ஒரு பொம்பளை, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, டீ ஆறிப்போச்சு என்று சொல்கிற மாதிரி, “அது இங்க செல்லாதுங்க ஐயா” என்கிறாள். செல்லாதா? எவ சொன்னா செல்லாதுன்னு? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீலம்மாவோடு சேர்த்துக் காலேஜ் புகார்க் குழு என்று நாலு பேர், இந்தப் பக்கம் அவனைச் சாட்சிக்கு வரச் சொன்ன மேனேஜர் துரைராசு, பக்கத்தில் தாரணி, சென்னியப்பன் பெற்ற மகள், கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். காலையில் டிவிஎஸ்ஸில் ஏறும்போதே சொல்லிவிட்டாள், “அங்க வந்து வாயத் தொறக்காம உக்காருங்க, அது போதும்.” நாலு நாளாக அவள் அவனோடு பேசிய ஒரே பேச்சு அது. அதனால் கோபத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான். விழுங்கின இடத்தில்தான் அது நடந்தது. நாலு நாளாகத் தொண்டைக்குக் கீழே குறுக்கே அடித்து நின்ற, மாடு கட்டுகிற முளைக்குச்சி மாதிரி ஒன்று லேசாக அசைந்து கொடுத்தது. செல்லாது என்றால், போன வியாழக்கிழமை அவன் செய்த காரியமும் செல்லாது. நடக்காத மாதிரி. “நீங்க வெளிய இருங்கய்யா” என்றாள் வக்கீலம்மா, துரைராசைப் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். எழுந்தான், துண்டை எடுத்துத் தோளில் போட்டான், வாசல் வரைக்கும் வந்தான். அப்போது அவள் தாரணியிடம் கேட்பது காதில் விழுந்தது. “உங்கப்பா குடுத்த வாக்கு எங்களுக்குக் கணக்கே இல்லம்மா. ஆனா நீயா சமரசமாப் போறேன்னு கேட்டா அது வேற. கேக்கறயா? யாருக்காகவும் சொல்ல வேண்டாம். யோசிச்சுச் சொல்லு.” அதற்குள் அட்டெண்டர் ருக்குமணி கதவைச் சாத்திவிட்டாள். தாரணி என்ன சொன்னாள் என்பது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுபோயிற்று.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. உட்கார்ந்து துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். எதிரே சுவரில் கடிகாரம், பதினொன்று பத்து. முட்டாப்பயலே, என்று தன்னைத்தானே திட்டினான், எதற்கு இப்படிப் பதறுகிறாய், செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே. வியாழக்கிழமை ராஜா மாதிரி நின்றான். காலை ஏழு மணிக்குச் சந்தைக்குள் இந்தத் துரைராசு வெள்ளைச் சட்டையோடு சாணியைத் தாண்டித் தாண்டி வந்ததைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று, ஆள் எதையோ வாங்க வந்திருக்கிறான் என்று. வாங்க வருகிறவன் நடையே வேறு. “சென்னியண்ணா, சௌரியமா இருக்கறீங்ளா” என்று ஆரம்பித்து, உங்க அப்பா எங்க அப்பாவுக்குக் காங்கேயங் காளை ஜோடி பிடித்துக் கொடுத்தாரே என்று சுற்றி, லேப் வாத்தியார் மகேந்திரன் விஷயத்துக்கு வந்தான். புகாரைப் பாப்பா திருப்பி வாங்கிக்கொண்டால், அவனை லேபை விட்டு ஆபீஸ் வேலைக்கு மாற்றி உட்கார வைத்துவிடுகிறோம், யாருக்கும் தெரிய வேண்டாம், பொண்ணு பேரும் வெளியே வராது. வெளியே வராது என்ற இடத்தில் துரைராசு குரலைத் தாழ்த்தினான். அப்புறம் அவனே சென்னியப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டான். மாட்டுக்கார வீட்டில் பிறந்தவன், மறக்கவில்லை. சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. துண்டுக்கு அடியில் கை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் துண்டுக்கு மேலே ஒன்றும் தெரியாது. துரைராசு ஒரு விரலைப் பிடித்தான். ஒரு செமஸ்டர், ஆறு மாசம் மகேந்திரன் லேபுக்குள் வர மாட்டான். சென்னியப்பன் கையை உதறினான். துரைராசு இரண்டைப் பிடித்தான். சென்னியப்பன் திரும்பி நடக்கிற மாதிரி ஒரு அடி வைத்தான், முப்பத்திரண்டு வருஷமாக வைக்கிற அதே அடி. மூன்று. “போய்யா, ஆளப் பாரு.” கடைசியில் இவனே அவன் கையைத் திருப்பி நாலு விரலையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். நாலு செமஸ்டர், இரண்டு வருஷம். துரைராசு பெருமூச்சு விட்டான். ஆச்சு என்று ஒரு குலுக்கு. ஒன்றில் ஆரம்பித்தவனை நாலில் கொண்டு வந்து நிறுத்தினேன்! படித்தவன், ஏசி ரூம்காரன், அவனை! சந்தை முழுக்க ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியாதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மிக்சர் பொட்டலம் வேறு வாங்கி வந்தான். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, மிக்சர்! தாரணி வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். இவன் நின்ற வாக்கிலேயே ஒன்றில் ஆரம்பித்து நாலில் முடித்த கதையைக் கையாட்டிச் சொன்னான். பெண்டாட்டி சரசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா, பொட்டாட்டம், சத்தமில்லாம முடிஞ்சுதே, நாளைக்குப் புள்ளைக்கு ஒரு எடம் பாக்க வேண்டாமா” என்றாள். தாரணி கோட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. “என்னக் கேட்டீங்களா?” என்றாள். “உன்னக் கேக்க என்ன இருக்குது அம்முணி, உனக்காகத்தான.” அவள் மடித்த கோட்டை மறுபடியும் பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். “அப்பா, எனக்கு இன்னும் எத்தன செமஸ்டர்?” அவன் விரலைப் பார்த்தான். நாலு. அட, அந்த நாலைத்தான் அவன் விரல் பிடித்திருக்கிறது. அவன் யோசிக்கவே இல்லை, விரலே யோசித்துப் பிடித்திருக்கிறது. “நாலு முடிஞ்சா நான் வெளிய போயிருவேன். அவன் மறுபடியும் லேபுக்கு வருவான். அப்புறம் வர்றவளுக்கு யாருப்பா வெரல் புடிப்பா?” அவனுக்குக் கோபம் வந்தது, “பெரிய நாயம் பேசற, ஊர்ப்புள்ளைக்கெல்லாம் நானா தரகு” என்று கத்தினான். அவள் கத்தவில்லை. “நீங்க துண்டப் போட்டுப் பேசுனீங்களே, நான் என்ன கயித்துலயா நின்னேன்?” என்று கேட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு நாள் சோறு போடுவாள், தண்ணி வைப்பாள், பேச்சு இல்லை. கயித்துலயா நின்னேன். மாட்டை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேர் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கும்போது மாட்டை யாரும் கேட்பதில்லை. அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசியிருக்கிறானா? பார்க்க மாட்டான். பல்லைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான்.

பதினொன்று பதினெட்டு. உள்ளே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். யார் எழுந்தது? யாரும் வரவில்லை. இந்தக் கடிகாரத்துக்கும் இவர்கள் கல்லூரி மாதிரியே சோம்பல். முதல் தடவை, மூன்று வாரத்துக்கு முந்தி தாரணி வீட்டில் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் காக்க வைத்தாள், சொல்ல ஆரம்பித்து ஆரம்பித்து நின்றுவிட்டாள். ப்யூரெட் என்று ஒரு நீளக் கண்ணாடிக் குழாயாம், அடியில் ஒரு திருகு, சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். “அவரு பின்னாடி வந்து நின்னு, இப்படியில்ல இப்படின்னு…” என்று நிறுத்தினாள். “சொல்லிக் குடுத்தானா? வாத்தியார்னா கையப் புடிச்சுச் சொல்லித்தான குடுப்பான்” என்று சென்னியப்பன் அறிவுகெட்டதனமாகக் கேட்டான். அவள் எழுந்து வந்து அவன் பின்னால் நின்று, அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். மூன்று விநாடி. அவ்வளவு போதும். பிடித்த பிடியிலேயே வாங்க வந்தவனா, சும்மா தடவிப் பார்க்க வந்தவனா, ஏமாற்ற வந்தவனா என்று சொல்லக் கூடியவன் அவன். கட்டைவிரல் உள்பக்கமாக நரம்பின் மேல் ஊர்கிற அந்தப் பிடி பாடம் சொல்லித் தருகிற பிடி இல்லை. அவனுக்கு மயிர்க்கால் கூசியது. அவனுக்கே கூசியது என்றால் அவளுக்கு? ஜூலையிலிருந்து. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். ஒருநாள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, “பிராக்டிகல் மார்க்கு எங்கையிலதான் இருக்குது” என்றானாம். அவள் தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறாள், ஒரு செருப்பு உள்ளேயே கிடந்திருக்கிறது. செருப்பைக் கேட்டதும் சென்னியப்பன் எழுந்துவிட்டான். எரவாணத்தில் சொருகியிருந்த தார்க்குச்சியை உருவினான், முனையில் ஆணி வைத்தது, அந்தக் கையை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணி குடிப்பேன் என்று வண்டியை உதைத்தான். தாரணி ஓடி வந்து முன்சக்கரத்துக்கு முன்னால் நின்றாள். “அடிங்க. அடிச்சா கேஸு உங்க மேல. அவன் கட்டுப் போட்டுக்கிட்டுப் பாவமா உக்காந்திருப்பான். நான் சொன்னத யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க அடிச்சதத்தான் பேசுவாங்க.” அப்புறம் ரெக்கார்டு நோட்டைக் கொண்டு வந்து கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். தேதி, நேரம், எந்த மேசை, பக்கத்தில் யார் நின்றார்கள், அவன் சொன்ன வார்த்தை. பென்சிலில், பொடி எழுத்தில். மூன்று மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறாள். கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அஞ்சாவதோடு படிப்பை விட்டு மாட்டுக்கயிறு பிடிக்கப் போனவனுக்கு இப்படி ஒரு மகள். பதினொரு வயதில் ஒரு கிடாரிக் கன்று உதைத்து அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அன்றைக்கு அழுதுகொண்டு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் சந்தை மூலையில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு நின்றான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, யாரிடம் சொல்வது என்று. அந்த மகளைத்தான் அவன் நாலு விரலுக்குப் பேசி முடித்தான்.

கதவு திறந்தது. எழுந்தே விட்டான். தாரணி இல்லை, பக்கத்து அறையிலிருந்து துரைராசு. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து நின்றான். “நல்லா இருக்குதுங் சென்னியண்ணா உங்க நாயம். நான் உங்கள வரச் சொல்லி நிறுத்துனா, கை குடுத்தீங்ளான்னு அந்தம்மா கேட்டதுக்குக் குடுத்தனுங்னு சொல்லிப்போட்டு, அந்தம்மா செல்லாதுன்னா பேசாம எந்திரிச்சு வர்றீங்க.” சென்னியப்பன் சொன்னான், “குடுத்தத குடுத்தன்னுதான சொல்ல முடியும். பொய் சொல்றதுக்கா என்ன வரச் சொன்ன?” “அதெல்லாஞ் சரி. வர்ற வியாழக்கிழமை சந்தைல இத நாலு பேரு கேட்டா என்ன ஆகும்? சென்னியப்பன் கைய அவம் புள்ளயே மதிக்கலன்னு. அப்புறம் யாரு உங்க துண்டுக்குள்ள கைய வுடுவா?” நேற்றுவரை இந்தப் பேச்சுதான் அவனுக்குப் பயம். இதை நினைத்துத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கை போச்சுன்னா தரகனுக்கு என்ன இருக்குது. ஆனால் துரைராசு வாயால் அதைக் கேட்டதும், என்ன ஆச்சரியம், சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? இதற்கா? “சொல்லு. நீ சொல்ல மறந்தாலும் நானே மேடை போட்டுச் சொல்றேன். முட்டற மாட்ட வெச்சுக்கிட்டுக் கட்டுத்தறிய மட்டும் மாத்தற காலேஜுன்னும் சேத்துச் சொல்லு” என்று குரலை உயர்த்தினான். வராந்தாக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். துரைராசு சண்டைக்கு வரவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “என்னையும் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்கண்ணா. பொண்ணோட அப்பனப் போய்ச் சந்தைல பாக்கச் சொன்னது யாருன்னு. தாளாளர் பேரப் போடறதா, வேண்டாமா?” என்று கேட்டான், தரகனிடமே யோசனை கேட்கிறான். “போடு. துண்டு போடாம எழுது” என்றான் சென்னியப்பன். துரைராசு தாளைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான்.

முட்டற மாடு. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்து பார்த்தான், முடியவில்லை. ஒன்பது வருஷம் இருக்கும். மயிலைக் காளை, பார்க்க லட்சணம், முட்டும். வீட்டு ஆளை முட்டாது, புது ஆள் பின்னால் வந்தால் திரும்பி ஒரு குத்து. வைத்திருந்தவன் இவனிடம் காதோடு சொன்னான், தாட்டிவிட்டிருங்கண்ணா, கிட்டத்துல வேண்டாம், தூரமாக் குடுத்திருங்க. தூரமாகக் கொடுத்தான். வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் தோட்டங்காடு வைத்திருந்த ஒரு சம்சாரி. அந்த ஆள் கேட்டான், “பழக்கம் எப்படிங்?” துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்திருந்த சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, அதுதான் அவன் சாமர்த்தியம், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேருக்கு அந்த ஆள் வந்தபோது இடது முழங்கை கோணிக்கொண்டு நின்றது. சண்டை போடுவான் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே, “மாடு நல்ல மாடுதானுங், என்ற கெரகம், பின்னால போயிட்டேன்” என்றான். என்ற கெரகம்! அந்த ஆள் இரண்டு அறை அறைந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்தக் கோணல் கை அதற்குப் பிறகு எந்தத் துண்டைப் போட்டாலும் துண்டுக்கு அடியில் வந்து நிற்கிறது. தாரணியிடம் இதை அவன் சொன்னதே இல்லை. ஆனால் யாருப்பா வெரல் புடிப்பா என்று அவள் கேட்டபோது அவன் கத்தினது அவளைப் பார்த்து இல்லை, அந்த முழங்கையைப் பார்த்து. இரண்டு வருஷம் கழித்து எவள் வீட்டுப் புள்ளையோ அந்த லேபில் நிற்பாள். முகம் தெரியாது, பேர் தெரியாது. இப்போது பதினொன்றோ பன்னிரண்டோ படித்துக்கொண்டிருப்பாள். அவளைத் தூரம் என்று நினைத்துத்தான் விரல் நாலைப் பிடித்தது. செல்லாது. நல்லவேளை செல்லாது. சாமி, அந்த வக்கீலம்மா நல்லா இருக்கணும், அவள் கண்ணாடி உடையாமல் இருக்கணும்.

இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தான். பெஞ்சுக்கு எதிரே கடிகாரத்துக்குக் கீழே போன வருஷத்து விளையாட்டு விழா பேனர் மூங்கிலோடு சாத்தி நின்றது, ஒரு பக்கம் தாளாளர் கும்பிட்டபடி. பின்னால் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு அறிவிப்புப் பலகையின் விளிம்பு தெரிந்தது. உள்ளே ஒட்டடை. இந்தக் கோபக்காரக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. பேனரை ஒரே இழுப்பில் இழுத்து, உருட்டி, தூண் பக்கம் தள்ளினான். தாளாளர் கும்பிட்டபடியே சுருண்டார். ருக்குமணி ஓடி வந்தாள், “அய்யோ, அத எடுக்கக் கூடாதுங்ணா, ஆபீஸ்ல வைவாங்க.” “வைஞ்சா துரைராசக் கேக்கச் சொல்லு. நல்ல மூடுல இருக்கறான்.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவளே ஈரத்துணி கொண்டு வந்து பலகையைத் துடைத்தாள். சென்னியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். உள்-ள-கப் பு-கார்க் கு-ழு. கீழே நாலு பேர், நாலு போன் நம்பர், கடைசியில் வக்கீலம்மா பேர். பாலியல் தொல்லை என்ற வார்த்தையை மனசுக்குள் படிக்கும்போதும் குரலைத் தாழ்த்தினான், பிறகு வேண்டுமென்றே மறுபடியும் படித்தான். இந்தப் பலகை இங்கேயேதான் இருந்திருக்கிறது, விழாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. ஜூலையிலேயே இது தெரிந்திருந்தால் அவள் ஒரு செவ்வாய்க்கிழமையோடு வந்திருப்பாள். “அங்கிள், கொஞ்சம்…” என்று பின்னால் ஒரு குரல். இரண்டு பெண்கள், போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். போட்டோவா? நம்மையா? சென்னியப்பன் துண்டைச் சரிசெய்து, பல் இல்லாத இடம் தெரியாமல் வாயை மூடி நின்றான். “இல்ல அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க, போர்டு மறைக்குது.” தள்ளினான். ஒருத்தி படம் எடுத்துவிட்டு நடந்தாள். மற்றவள், ஒல்லியாக, இரட்டைப் பின்னல், போகவில்லை. “இங்க நேர்லதான் வந்து குடுக்கணுமா அங்கிள்?” யாரோ எதற்கோ கேட்கிற மாதிரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவள் வலது மணிக்கட்டை இடது கை பிடித்திருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி பலகைப் பக்கம் திரும்பினான். “எனக்குத் தெரியாது சாமி. என்ற மவ உள்ள இருக்கறா. அவளுக்கு எல்லாந் தெரியும். இரு, இப்ப வந்துருவா.” அவள் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், சுருட்டிய பேனருக்குப் பக்கத்தில்.

என்ற மவ வந்துருவா, அவளுக்கு எல்லாந் தெரியும் என்று வீறாப்பாகச் சொன்னவனுக்கு அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. வந்து என்ன சொல்லப் போகிறாள்? நீயா கேட்டா அது வேற என்றாளே வக்கீலம்மா. தாரணி கேட்டுவிட்டால்? அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், அப்பா பேர் கெடக்கூடாது என்று அவள் பாட்டுக்கு ஆமாம், சமரசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? கொடுப்பாள். ஏன் கொடுக்க மாட்டாள், வளர்த்தது யார்? எட்டு வயசில் புதுப் பென்சில் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு புறாவுக்கு மாற்றினாள், கையடித்து மாற்றினாள். சாயங்காலம் புறா பறந்து போயிற்று. டப்பா வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுதாள். சரசாகூடச் சொன்னாள், குழந்தைங்க வெளையாட்டு, வாங்கிக் குடுத்தர்லாங்க என்று. இவன் விட்டானா? “கை குடுத்தாக் குடுத்ததுதான். சென்னியப்பன் புள்ள பேச்சு மாறுனான்னு வரக் கூடாது.” அந்த வருஷம் முழுக்க அவள் பென்சிலை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பெருமையாக வேறு ஊரெல்லாம் சொன்னான். படுபாவி, ஒரு பென்சில் டப்பாவைத் திருப்பி வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன? குடி முழுகியா போயிருக்கும்? இப்போது அவள் உள்ளே உட்கார்ந்து, நாலு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அந்தப் புறாவை நினைத்துக்கொண்டிருந்தால்? பதினொன்று முப்பத்தாறு. மாறிடு அம்முணி, என்று கதவைப் பார்த்துச் சொன்னான், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைந்தது. என்ற பேச்சை மாத்திரு. என்ற கைய ஒடச்சுப் போடு. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேரம் முறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு தரகன் நின்றான். கதவு திறந்துவிட்டது, அவன் கவனிக்கவில்லை.

“அப்பா.” தாரணி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி இருந்தது. என்னாச்சு என்று கேட்க வாயைத் திறந்தான், வாயத் தொறக்காம உக்காருங்க என்றது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். அதைப் பார்த்து அவளுக்கு உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது. “பேசுங்க, பரவால்ல.” “நீ… என்ன சொன்ன?” “வேணாம்னேன்.” “சமரசம்?” “வேணாம்னேன். அந்த நாலு வெரலையும் துரைராசு சாரே வெச்சுக்கட்டும்னு சொன்னேன். மேடம்கூடச் சிரிச்சுட்டாங்க.” சென்னியப்பனுக்குக் காது அடைத்துத் திறந்தது. முளைக்குச்சி மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது, அது நின்ற இடத்தில் காற்று போய்வந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் மகேந்திரன் காலேஜ் கேட்டுக்குள் வரக் கூடாது என்று குழு எழுதியிருக்கிறதாம், தொண்ணூறு நாளுக்குள் முடிக்க வேண்டுமாம், அவளுடைய பிராக்டிகல் மார்க்கை வேறு மேடம் போடுவார்களாம். எல்லாம் சொன்னாள், நாலு நாள் பேச்சையும் சேர்த்துச் சொன்னாள். அவன் பாதியைக் கேட்கவில்லை. “உங்களுக்குத்தான் சந்தையில கஷ்டம்” என்றாள் கடைசியில், மெதுவாக. “உங்க கை போச்சேப்பா.” “போனாப் போகுது கெரகம்” என்றான். “அந்தப் பென்சில் டப்பா…” என்று ஆரம்பித்தான். அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவள் கையை நீட்டினாள். வியாபாரம் முடிந்தால் நீட்டுகிற மாதிரி இல்லை, சும்மா, ரோடு தாண்டும்போது சின்னப் பிள்ளை நீட்டுகிற மாதிரி. அவன் பிடித்தான். பழக்க தோஷம், இடது கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டது. தாரணி அந்தத் துண்டைப் பார்த்தாள். எடுத்து, உதறி, அவன் தோளிலேயே திரும்பப் போட்டாள். “வேணாம்ப்பா, பாக்கட்டும்.” ருக்குமணி பார்த்தாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து துரைராசு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பார்த்தான். தூணுக்குப் பக்கத்திலிருந்து இரட்டைப் பின்னல் பார்த்தாள். “அந்தப் புள்ள உனக்குத்தான் காத்திருக்குது” என்றான் சென்னியப்பன். தாரணி திரும்பிப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கையையும் பார்த்தாள். பிறகு அவன் கையை விட்டுவிட்டு, பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் நடந்தாள். சென்னியப்பனுக்கு அப்போதுதான் பசித்தது, நாலு நாள் பசியும் ஒன்றாக. ஆனாலும் அவன் அவளைக் கூப்பிடவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்தான். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.